ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ்: 27 பேரா, 27 கருவியா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினி வேலை பார்க்கிறேன். சர்வர், நெட்வொர்க், பிரிண்டர், கேமரா எல்லாமே நான் ஒருவன்தான். 2024 ஜூலையில் எங்கள் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வேறு கணினியிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து வேலை செய்கிற வசதி, ஒரு காலையில் மொத்தமாக நின்றது. அதைச் சரிசெய்து, கணக்குப் போட்டு, சரியான லைசென்ஸை வாங்கிப் போட்டு முடிக்கச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. இடையில் தப்பாகப் போன இடங்கள் நிறைய. இதே வேலையைச் செய்யப் போகிறவருக்குப் பயன்படும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் அமைப்பு. ஒரு டவர் சர்வர், 64 ஜிபி ராம், விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்டு. அதில் டேலி பிரைம் கோல்டு, அப்புறம் ஆர்டர் முதல் பேக்கிங் வரை பார்க்கிற ஒரு இஆர்பி மென்பொருள். டொமைன், அதாவது எல்லோருடைய நுழைவுக் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கிற அமைப்பு, கிடையாது. எல்லாக் கணினியும் தனித்தனியாக நிற்கிற வொர்க்குரூப்தான். அலுவலகம் ஒரு இடம், தையல் யூனிட் இன்னொரு இடம், நடுவில் பிராட்பேண்ட். யூனிட்டில் இருப்பவர்கள் சர்வருக்குள் வந்துதான் வேலை செய்ய வேண்டும்.

விண்டோஸ் சர்வரில் எந்த லைசென்ஸும் இல்லாமலே ஒரே நேரத்தில் 2 பேர் ரிமோட்டில் உள்ளே வரலாம். மார்ச் வரை அந்த இரண்டு இடத்தையே மாற்றி மாற்றிப் பயன்படுத்திக் கொண்டிருந்தோம். அந்த இரண்டு இடமும் சர்வர் நிர்வாகத்துக்கு மட்டும், டேலியில் வவுச்சர் போடுவதற்கு அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு பேர் போதவில்லை என்றதும் மார்ச் 13 அன்று ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்கிற ரோலை, அதாவது பலரை ஒன்றாக உள்ளே விடுகிற சர்வர் பகுதியை, போட்டேன். சர்வர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது, அன்று மாலையே 15 பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள். வேலை முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த ரோலைப் போட்ட நாளிலிருந்து 120 நாள்தான் லைசென்ஸ் இல்லாமல் ஓடும். மூலையில் ஒரு அறிவிப்பு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்தால்தான் அது கண்ணில் படும், நான் மாதத்துக்கு இரண்டு முறைதான் நுழைவேன், நுழைந்ததும் மூடிவிடுவேன்.

மார்ச் 13 உடன் 120 நாளைக் கூட்டினால் ஜூலை 11. விற்பனைக் கணக்கைக் காட்டுகிற மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போடக் கடைசி நாளும் அதுதான்.

அன்று காலை பத்தே காலுக்குக் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, உள்ளயே விட மாட்டேங்குதுங்க. இன்னைக்குப் பதினொண்ணு, ஞாபகம் இருக்குதுங்களா?" திரையில் இருந்த செய்தியைப் படிக்கச் சொன்னேன். லைசென்ஸ் கொடுக்க எந்த லைசென்ஸ் சர்வரும் கிடைக்கவில்லை, அதனால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று இருந்தது. எனக்கும் அதே செய்திதான். ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கிற கட்டளையோடு ஸ்லாஷ் அட்மின் சேர்த்து, அதாவது 'எம்எஸ்டிஎஸ்சி ஸ்லாஷ் அட்மின்' என்று ஓட்டினால், லைசென்ஸ் கெடு முடிந்திருந்தாலும் நிர்வாகி உள்ளே போகலாம். இது நினைவில் இருந்ததால் சர்வர் அறைக்கு ஓட வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் அவசரத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். டேலி டேட்டா ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து, கணக்குப் பிரிவின் 5 கணினியிலும் டேலியை நேரடியாகப் போட்டு, அந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். கோல்டு என்பதால் நெட்வொர்க்கில் பலர் திறக்கலாம். மெதுவாகத்தான் ஓடியது, பெரிய ரிப்போர்ட் எடுத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனாலும் மாலை ஆறு மணிக்குள் ரிட்டர்ன் போய்விட்டது. யூனிட்டில் இருந்தவர்கள் அன்று முழுக்க நோட்டில் எழுதி வைத்தார்கள். பேக்கிங் லிஸ்ட் கையால் எழுதப்பட்டது, மறுநாள் அதை ஏற்றும்போது இரண்டு அட்டைப்பெட்டி எண் மாறிப்போய்த் திருத்த வேண்டி வந்தது. அவர்களுக்கு என்னால் வந்த கூடுதல் வேலை அது, இன்றும் மனதில் இருக்கிறது.

அன்று இரவு உட்கார்ந்தேன். செய்தியில் லைசென்ஸ் சர்வர் இல்லை என்று சொல்கிறதே, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங் ரோலை அதே சர்வரில் சேர்த்தேன். லைசென்சிங் மேனேஜரில் ஆக்டிவேட் என்று கொடுத்தால் நிறுவனத்தின் பெயர், நாடு எல்லாம் கேட்டுவிட்டு இணையம் வழியே மைக்ரோசாஃப்டோடு பேசி ஆக்டிவேட் செய்துகொள்கிறது. காசு எதுவும் கேட்கவில்லை. பச்சை டிக் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. பரிசோதித்தால் மறுபடி அதே செய்தி.

காரணம், செஷன் ஹோஸ்டுக்கு அந்த லைசென்ஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருந்தாலும் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளாது. டொமைன் இருந்து, முழு ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பையும் போட்டிருந்தால் சர்வர் மேனேஜரிலேயே இதற்கு ஒரு பக்கம் உண்டு. வொர்க்குரூப்பில் அந்தப் பக்கம் கிடையாது. லோக்கல் குரூப் பாலிசி எடிட்டருக்குள் போய், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டுக்குக் கீழே லைசென்சிங் என்கிற இடத்தில் இரண்டு வரியை நாமே நிரப்ப வேண்டும். ஒன்று, எந்த லைசென்ஸ் சர்வர். இன்னொன்று, எந்த முறை: ஆளுக்கு ஒரு லைசென்ஸ் என்கிற யூசர் முறையா, கருவிக்கு ஒரு லைசென்ஸ் என்கிற டிவைஸ் முறையா. அந்த இரண்டாவது வரியில் நான் யூசர் என்று போட்டேன். ஆள் கணக்குதானே இயல்பு என்று தோன்றியது. எல்லோரும் உள்ளே வர முடிந்தது. இரவு ஒன்றரைக்குப் படுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு எல்லோரும் நுழைந்தார்கள். ஒவ்வொருவர் திரையிலும் ஒரு சின்னப் பெட்டி: உங்கள் ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸில் பிரச்சினை இருக்கிறது, 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பத்து மணி வாக்கில் ஒருவர் பின் ஒருவராக வெளியே தள்ளப்பட்டார்கள். மறுபடி நுழைந்தால் மறுபடி 60 நிமிடம். சிஏஎல் என்பது சர்வரைப் பயன்படுத்த வாங்குகிற அனுமதி லைசென்ஸ். யூசர் சிஏஎல் என்பது டொமைனின் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கிற ஆள் கணக்கை வைத்து நடப்பது. டொமைனே இல்லாத இடத்தில் அதை யார் பெயரில் எழுதுவது? சர்வர் 2019 முதல் வொர்க்குரூப்பில் யூசர் முறை வைத்தால் இப்படித்தான் மணிக்கொருமுறை வெளியேற்றும். அதாவது டொமைன் இல்லாத அலுவலகத்துக்கு யூசரா டிவைஸா என்கிற கேள்விக்கு பதில் முன்பே முடிவாகிவிட்டது, டிவைஸ்தான். யூசர் வேண்டும் என்றால் முதலில் டொமைன் போட வேண்டும். இந்த ஒரு வரி மார்ச்சில் எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பாலிசியில் யூசரை டிவைஸ் என்று மாற்றிவிட்டு, மதியம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். இந்த முறை எல்லோரும் நுழைந்தார்கள், பெட்டி எதுவும் வரவில்லை. லைசென்சிங் மேனேஜரைத் திறந்தால் ஒவ்வொரு கணினியின் பெயரும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தற்காலிகம் என்றும், எந்தத் தேதியில் காலாவதி என்றும். டிவைஸ் முறையில், ஆக்டிவேட் ஆன லைசென்ஸ் சர்வர், முதல்முறை வருகிற கருவிக்கு 90 நாளுக்கு ஒரு தற்காலிக லைசென்ஸ் கொடுக்கும். அது முடிவதற்குள் வாங்கிப் போட்டால் நிரந்தரமாக மாறிக்கொள்ளும். எங்களுக்குக் கெடு அக்டோபர் 10. மூச்சு வந்தது.

இனி எவ்வளவு வாங்குவது என்கிற கேள்வி. முதலாளியிடம் போய் நின்றேன். "விண்டோஸ் சர்வர் வாங்கியாச்சே, அப்புறம் இது எதுக்குங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சர்வர் வாங்கியது பஸ் வாங்கிய மாதிரி. அதில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் டிக்கெட் வேண்டும், அது சர்வர் சிஏஎல். ஸ்லீப்பரில் படுத்துக்கொண்டு போவதற்கு அதற்கு மேல் ஒரு டிக்கெட், அது ஆர்டிஎஸ், அதாவது ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் சிஏஎல். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று இல்லை, இரண்டும் வேண்டும். இதைச் சொல்லும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. எங்களிடம் சர்வர் சிஏஎல்லும் இல்லை. சர்வர் வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தேன், 16 கோர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் ஒன்று, அவ்வளவுதான். ஆக 11ஆம் தேதி நான் டேலி ஃபோல்டரைப் பகிர்ந்ததுகூட லைசென்ஸ்படி சரியில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். கணக்குப் பிரிவில் 5 பேர், 5 கணினி. அதில் இரண்டு பேர் மாதக் கடைசியில் வீட்டு லேப்டாப்பிலிருந்தும் வருவார்கள். பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங்கில் 7 பேர், 7 கணினி. ஸ்டோரில் ஒரு கணினி, பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர். கட்டிங், தையல், பேக்கிங் மூன்று இடத்திலும் தலா ஒரு கணினி, அவற்றை இரண்டு ஷிஃப்டிலுமாக 9 பேர் தொடுகிறார்கள். முதலாளி ஒருவர், அவருக்கு 4 கருவி: அலுவலகக் கணினி, வீட்டு லேப்டாப், டேப்லெட், போன். அவர் மகனுக்கு 3. ஆடிட்டர் அலுவலகத்தில் 2 பேர், 2 கணினி. கூட்டினால் ஆட்கள் 27. கருவிகள் 27. திரும்பக் கூட்டினேன். அதே 27.

எண் ஒன்றாக இருப்பதால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் உள்ளே பார்த்தால் இரண்டு விதமான கூட்டம். யூனிட்டில் ஆள் அதிகம், கருவி குறைவு. மேலே ஆள் குறைவு, கருவி அதிகம். யூனிட்டுக்கும் ஸ்டோருக்கும் மட்டும் டிவைஸ், மற்றவர்களுக்கு யூசர் என்று பிரித்தால் 4 டிவைஸ், 16 யூசர், மொத்தம் 20 போதும். ஒரு லைசென்ஸ் சர்வரில் இரண்டு வகையையும் வைக்கலாம். ஆனால் ஒரு செஷன் ஹோஸ்ட் ஒரு நேரத்தில் ஒரு முறையில்தான் இயங்கும். பிரிக்க வேண்டுமானால் இரண்டு செஷன் ஹோஸ்ட் வேண்டும், யூசருக்காக ஒரு டொமைன் கன்ட்ரோலரும் வேண்டும், ஆக ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக ஓடுகிற மூன்று மெய்நிகர் சர்வர். ஸ்டாண்டர்டு லைசென்ஸ் ஒன்றுக்கு இரண்டு மெய்நிகர் சர்வர்தான் அனுமதி, மூன்றாவதுக்கு இன்னொரு முழு ஸ்டாண்டர்டு வாங்க வேண்டும். எங்கள் அளவுக்கு அது அதிகம். விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் அக்கா ஒரு யோசனை சொன்னார்: யூனிட்டில் எல்லோரும் ஒரே ஐடியில்தானே நுழைகிறார்கள், அப்புறம் அது ஒரு யூசர்தானே? கிடையாது. யூசர் சிஏஎல் மனிதருக்கு, ஐடிக்கு அல்ல. ஒரே ஐடியை 9 பேர் பயன்படுத்தினால் 9 வேண்டும். அதோடு யூனிட்டில் ஆள் நிற்பதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். ஆள் பெயரில் வாங்கினால் கணக்கு வைத்தே ஓய்ந்துவிடுவோம். மேஜை மேல் இருக்கிற கணினி எங்கும் போகாது.

இதற்கிடையே ஆகஸ்ட் 5 அன்று லைசென்சிங் மேனேஜரில் தற்காலிகப் பட்டியலைத் திறந்து என் நோட்டோடு ஒப்பிட்டேன். இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் உதவியது அந்த அரை மணி நேரம்தான். நோட்டில் 27, பட்டியலில் 31. நாலு கூடுதல் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தால், நோட்டில் இருந்த இரண்டு கருவி, முதலாளியின் டேப்லெட்டும் மகனின் போனும், பட்டியலில் இல்லவே இல்லை. அதிலிருந்து யாரும் உள்ளே வந்ததே இல்லை. அப்படியானால் எனக்குத் தெரியாதவை ஆறு. பெயர்களெல்லாம் டெஸ்க்டாப் என்று தொடங்கி ஏதோ எழுத்துக் கோர்வை. லைசென்ஸ் கொடுத்த தேதியையும் நேரத்தையும் சர்வர் லாகில் இருக்கிற நுழைவு நேரத்தோடு வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்தேன். மூன்று, மெர்ச்சண்டைசர்களின் வீட்டு லேப்டாப். இரவு பத்தரைக்கு, பதினொன்றுக்கு நுழைந்திருக்கிறார்கள், அமெரிக்க பையரின் மெயில் அந்த நேரத்துக்குத்தான் வரும். நாலாவது ஆடிட்டர் அலுவலகத்தின் மூன்றாவது கணினி. ஐந்தாவது, லேபிள் பிரிண்டர் சரிசெய்ய வந்த சர்வீஸ்காரரின் லேப்டாப், யாரோ பாஸ்வேர்டு சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது எங்கள் ஸ்டோர் கணினியேதான். ஜூலை கடைசியில் அதற்கு எஸ்எஸ்டி மாற்றிப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தேன், பெயரும் மாறிவிட்டது. சர்வருக்கு அது புதுக் கருவி.

சர்வீஸ்காரர் விஷயம் லைசென்ஸை விடப் பெரிய கவலை. ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தேன், அதனால்தான் பாஸ்வேர்டு தெரிந்தவர் எங்கிருந்தும் வர முடிந்தது. லாகைப் பார்த்தால் தோல்வியடைந்த நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, எந்த நாட்டிலிருந்து என்றே தெரியாதவை. அன்றே போர்ட்டை மூடி, ரவுட்டரிலேயே விபிஎன், அதாவது கணக்கு உள்ளவர் மட்டும் வரக்கூடிய பூட்டிய பாதை, வைத்து, எல்லோர் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

பட்டியல் கையில் இருந்ததால் பேச்சு சுலபமானது. மூன்று மெர்ச்சண்டைசரையும் உட்கார வைத்துக் கேட்டேன். இரண்டு பேருக்கு இரவில் மெயில் மட்டும் போதும், அதற்கு சர்வர் வேண்டாம். ஒருவருக்கு உண்மையிலேயே இஆர்பி வேண்டும். அவருக்கும், மாதக் கடைசியில் வீட்டிலிருந்து வருகிற கணக்குப் பிரிவு இருவருக்கும் மேஜைக் கணினியை எடுத்துவிட்டு லேப்டாப் கொடுப்பது என்று முடிவு செய்தோம். மூன்று லேப்டாப்புக்கு 1,35,000 ரூபாய். இதை லைசென்ஸ் செலவில் சேர்ப்பதா என்று யோசித்தேன். அந்த மூன்று கணினியும் பழையவை, விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடியவிருந்தது. எப்படியும் மாற்றியாக வேண்டியவை. அதனால் தனியாகவே வைத்தேன். ஆடிட்டர் அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை டேலி பேக்கப் அனுப்பினால் போதும் என்று அவர்களே சொன்னார்கள். முதலாளி இரண்டு கருவிக்கும் மகன் ஒன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். ஆக 5, 7, ஸ்டோர் 1, யூனிட் 3, முதலாளி 2, மகன் 1. மொத்தம் 19. ஒன்று உபரி சேர்த்து 20.

விலை. எங்களுக்கு வந்த கொட்டேஷன் இது, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆர்டிஎஸ் டிவைஸ் சிஏஎல் ஒன்று 10,900, சர்வர் டிவைஸ் சிஏஎல் ஒன்று 2,900. 20க்கு 2,76,000, 18% ஜிஎஸ்டி 49,680, மொத்தம் 3,25,680 ரூபாய். யூசர் வகைக்கும் கேட்டு வாங்கினேன்: 12,600, 3,600. ஆடிட்டர் ஆட்களைக் கழித்து 25 பேருக்கு ஜிஎஸ்டியோடு 4,77,900. வித்தியாசம் 1,52,220. அதோடு டொமைன் போடுகிற வேலையும் மிச்சம்.

வாங்குகிற இடத்திலும் இரண்டு குழி இருந்தது. ஒரு டீலர் 2019 பதிப்பு ஆர்டிஎஸ் சிஏஎல் 20 இருக்கிறது, 1,30,000க்குத் தருகிறேன் என்றார். விலையைக் கேட்டதும் முதலாளி சரி என்று சொல்லிவிட்டார். நல்லவேளை பணம் போகும் முன் படித்துப் பார்த்தேன். புதிய சிஏஎல் பழைய சர்வருக்குச் செல்லும், பழைய சிஏஎல் புதிய சர்வருக்குச் செல்லாது. எங்கள் செஷன் ஹோஸ்ட் 2022, அதற்கு 2022 அல்லது அதற்குப் பிந்தையதுதான் வேண்டும். லைசென்ஸ் சர்வரும் சிஏஎல்லின் பதிப்புக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். இன்னொன்று, இணையத்தில் 50 சிஏஎல் 3,000 ரூபாய்க்கு என்று விற்கிறார்கள். கீ ஆக்டிவேட் ஆகலாம். ஆனால் நம் நிறுவனத்தின் பெயரில் பில் இல்லாத லைசென்ஸ் தணிக்கை என்று வந்தால் ஒன்றுக்கும் ஆகாது. பணம் கட்டியும் லைசென்ஸ் இல்லாதவர்களாகத்தான் நிற்போம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு. கீ வந்துவிட்டது. இங்கே ஒரு வரிசை முக்கியம். நிரந்தர லைசென்ஸ் முதலில் வருகிறவருக்கு முதலில் போகும். 20 வைத்திருக்கிறோம், தற்காலிகம் வாங்கியவை 31. வேண்டாத கருவிகள் முந்திக்கொண்டால் வேண்டியவை வெளியே நிற்கும். அதனால் சிஏஎல்லைப் போடும் முன்பே வேண்டாதவற்றின் விபிஎன் கணக்கை நீக்கினேன். ஒன்றைத் தவற விட்டேன், ஒரு மெர்ச்சண்டைசரின் வீட்டு லேப்டாப். ஞாயிறு இரவே அது ஒரு லைசென்ஸை எடுத்துக்கொண்டது.

கீயைப் போடும் விஸார்டில் எந்தத் திட்டத்தில் வாங்கியது என்று கேட்கும். பழைய பழக்கத்தில் ஓபன் லைசென்ஸ் என்று தேர்ந்தெடுத்தேன். அது அங்கீகார எண் கேட்டது, எங்களிடம் இருந்தது 25 எழுத்துக் கீ மட்டும். ஓபன் திட்டத்தில் புது விற்பனை 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது பார்ட்னர் வழியாக வருகிற கீயை சில்லறைக் கொள்முதலுக்கான லைசென்ஸ் பேக் என்கிற வரியில்தான் போட வேண்டும். அப்படிப் போட்டதும் 20 என்று ஏறியது. சர்வர் சிஏஎல்லை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை, அது வெறும் காகிதம். பில்லைப் பத்திரப்படுத்துவதுதான் வேலை.

திங்கள் காலை ஒவ்வொரு கணினியாக நிரந்தரத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிரந்தரம் என்று பெயர், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 52 முதல் 89 நாளுக்குள் ஏதோ ஒரு காலாவதித் தேதி இருக்கும். அந்தக் கருவி தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் தானாகப் புதுப்பிக்கும், வராவிட்டால் லைசென்ஸ் திரும்பிப் பொதுவில் சேரும். யூனிட்டில் பேக்கிங் கணினி மட்டும் உள்ளே போகாமல் லைசென்ஸ் கோளாறு என்றது. அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கிற பதிவேட்டில், எம்எஸ்லைசென்சிங் என்கிற பிரிவை அழித்துவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பை ஒருமுறை நிர்வாகியாக ஓட்டினால் சரியாகும் என்று படித்திருந்தேன். செய்தேன், சரியானது. பட்டியலைப் பார்த்தால் பேக்கிங் கணினியின் பெயர் இரண்டு முறை. கருவியின் அடையாள எண்ணும் அந்தப் பிரிவுக்குள்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து அழித்ததால் சர்வருக்கு அது வேறு கருவி ஆகிவிட்டது. முழுவதையும் அழிக்காமல் ஸ்டோர் என்கிற உள்பிரிவை மட்டும் அழித்திருக்க வேண்டும்.

இப்படிச் சிக்கியவற்றைத் திரும்பப் பெற ரிவோக் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் மொத்தத்தில் 20% வரைதான், அதாவது எங்களுக்கு 4. வீட்டு லேப்டாப், பேக்கிங்கின் பழைய அடையாளம் என்று இரண்டை ரிவோக் செய்தேன். அன்று மாலை லைசென்சிங் டயக்னோசரை ஓட்டினேன். பிரச்சினை எதுவும் இல்லை என்று வந்தது. 19 கொடுக்கப்பட்டது, 1 மிச்சம்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. சர்வரில் ஒரு சாதாரண ஆஃபீஸைப் போட்டு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம், அதற்கு வால்யூம் லைசென்ஸோ, பகிர்ந்த கணினிக்கான ஆக்டிவேஷன் உள்ள மைக்ரோசாஃப்ட் 365 திட்டமோ வேண்டும். நாங்கள் சர்வரில் லிப்ரே ஆஃபீஸ் போட்டுவிட்டோம், ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்க அது போதும்.

இன்னொரு முறை செய்தால், ரோலைப் போட்ட அன்றே 120ஆவது நாளைக் காலண்டரில் குறிப்பேன், அது எந்த ரிட்டர்ன் தேதியில் விழுகிறது என்றும் பார்ப்பேன். லைசென்ஸ் சர்வரை முதல் வாரத்திலேயே போட்டு டிவைஸ் முறையில் ஒரு மாதம் ஓடவிட்டு, அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்கெடுக்க ஆரம்பிப்பேன். நோட்டோடு சுற்றுவது அதற்கு அப்புறம். உபரி ஒன்று போதாது, இரண்டு வாங்குவேன். கணினிகளுக்குப் படிக்கிற மாதிரிப் பெயர் வைப்பேன். ஸ்டோர்-1, பேக்கிங்-1 என்று இருந்திருந்தால் ஆகஸ்ட் 5 அன்று அரை மணி நேரம் பத்து நிமிடமாகியிருக்கும்.

லைசென்ஸ் சர்வரின் 35 இலக்க ஐடி, கீ, பில் மூன்றையும் அச்செடுத்துக் கணக்குப் பிரிவு பீரோவில் அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். சர்வர் போய்விட்டால் மறுபடி நிறுவ அவை வேண்டும். ஸ்டோரிலும் யூனிட்டிலும் இருக்கிற நாலு கணினி மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பேக்கிங் டேப் போட்டு, கொட்டை எழுத்தில்: ஃபார்மட் செய்யும் முன் என்னைக் கூப்பிடவும். கீழே என் போன் நம்பர்.